கார்டின் பின்பக்கம்

பெம்பான் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள கோப்பிக் கடையில் மூன்றாவது மேசை பல வருடங்களாக ஆடிக்கொண்டிருக்கும். அன்று ஆடவில்லை. குனிந்து பார்த்தேன். மேசைக்காலுக்கு அடியில் இரண்டாக மடித்துச் செருகியிருந்தது மலர்க்கொடியின் கார்டு.

நான் முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருவர் கைக்குப் போக வேண்டிய காகிதம் மேசைக்காலுக்கடியில் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. உருவி எடுத்துச் சட்டையில் துடைத்தேன். மேசை ஆடியது, கோப்பி சிந்தியது, கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும்.

‘செரோஜா தோட்டத் தொழிலாளர் காட்சியகம்’ என்று தமிழிலும் மலாய் மொழியிலும் அச்சடித்திருந்தது. கீழே ‘மலர்க்கொடி, பொறுப்பாளர்’, ஒரு போன் நம்பர். மூலையில் கைப்பேசியைக் காட்டினால் வழி சொல்லுமாம் ஒரு கியூஆர் கட்டம். அதன் மேல்தான் மேசைக்காலின் தடம் பதிந்திருந்தது.

செரோஜா தோட்டத்துக்குத் தபால் கொண்டுபோனவன் நான். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தார்கள். ஆட்கள் செலண்டாருக்கும் ஜாசினுக்கும் பாச்சாங் அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போனார்கள். இடிக்காமல் விட்டது பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுதான். அதை மேனேஜரிடம் ஆறு முறை நடந்து கேட்டு வாங்கினாள் மலர்க்கொடி. வீடு வீடாகப் போய்ப் பொருள்களைச் சேர்த்தாள். அறுபத்துமூன்று வீடுகளில் கொடுத்தார்கள். கால்பந்துச் சட்டை, குழந்தை நிறுக்கும் தராசு, குடியுரிமை கிடைக்காதவர்களின் சிவப்பு அடையாள அட்டை, சங்கக் கொடி, பொட்டு வைத்த தையல் மெஷின். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘பத்திரமாக இருக்கும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கையெழுத்துதான் இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

நிர்வாகம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. வருடம் முடிவதற்குள் முந்நூறு பேராவது வந்து பார்த்து, வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டடம் உரக் கிடங்காகிவிடும். பொருள்களை லாரியில் ஏற்றி எங்கோ ஒரு ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். அக்டோபர் மாதம் வரை வந்தவர்கள் நாற்பத்தேழு பேர். அதில் மூன்று கையெழுத்து என்னுடையது.

அன்று சாயங்காலம் கார்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. மலர்க்கொடியின் கணவன் தர்மேந்திரன், செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவன், அப்போதுதான் குளித்துவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்திருந்தான். நெத்திலிச் சம்பலும் கீரைக் கடைசலும். எனக்கும் தட்டு வந்தது. தனிக்கட்டை என்பதால் அந்த வீட்டில் எனக்குத் தட்டு கேட்காமலே வரும்.

“மேசக்காலுலயா இருந்துச்சு?” என்றாள் மலர்க்கொடி.

“ஆமா. நல்ல கெட்டியான கார்டு. மேச அசையவே இல்ல.”

“அது முந்நூறு ஜிஎஸ்எம் லா, அங்கிள்” என்றாள் மகள் ஷாந்தினி. பாச்சாங்கில் மஜீது பாய் அச்சகத்தில் டிசைன் வேலை பார்ப்பவள். கார்டை வரைந்ததும் அவள்தான். பெருமையாகத்தான் சொன்னாள்.

மலர்க்கொடி சிரிக்கவில்லை. கார்டை விரலால் நீவி நீவி மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். “ஐநூறு கார்டுண்ணே. கிளினிக்ல வெச்சேன், கோயில்ல வெச்சேன், சலூன்ல வெச்சேன். ஜாசின் பாசார்ல நின்னு கையில குடுத்தேன். ஒருத்தர் வரல. நேத்து லாரியில இருந்து இறங்கயில எனக்கே தோணுச்சு. ஒரு கல்யாணம்னா பத்திரிக்கய சலூன்ல வெச்சுட்டு வருவோமா? வெச்சா எவன் வருவான்? நம்ம ஆளுங்கள அழைக்கணும்.”

“கார்ட வெச்சா?”

“கார்ட வெச்சுதான். நாலு மூலையிலயும் மஞ்ச தடவுவேன். தட்டுல குங்குமம், சந்தனம், கல்கண்டு. வீட்டுக்கு வீடு போயி, வாசல்ல நின்னு, குடும்பத்தோட வந்துருங்கன்னு சொல்லுவேன்.”

“அம்மா, மஞ்ச கியூஆர்ல பட்டா ஸ்கேன் ஆவாது” என்றாள் ஷாந்தினி.

“கட்டத்துல படாம தடவத் தெரியும் எனக்கு.”

தர்மேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டு போகவில்லை. “நல்ல ஐடியாதான். ஆனா அழைக்கப் போறதுன்னா ஜோடியாப் போவணும். மொதல்ல ரத்தச் சொந்தத்துல சொல்லிட்டுத்தான் அடுத்த வீடு. நான் வரல.”

“ஏன்?”

“ஏன்னு ஒனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் ஷாந்தினியின் சடங்குக்குப் பத்திரிகை அடித்தார்கள். தாய்மாமன்கள் பெயர் இருந்தது, அத்தைகள் பெயர் இருந்தது, மாப்பிள்ளை முறையில் உள்ளவன் எல்லாம் இருந்தான். தர்மேந்திரனின் கூடப் பிறந்த ஒரே அண்ணன் வீராசாமியின் பெயர் இல்லை. அண்ணன் சடங்குக்கு வரவில்லை. தம்பி போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அண்ணன் இருக்கும் செலண்டார் இருபது நிமிடத் தூரம்தான், இரண்டு வீராப்புக்காரர்களுக்கு அது எட்டு வருடத் தூரமாகிவிட்டது. இருவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நான் சொல்லி யார் கேட்கப் போகிறார்கள்.

“சரி, நீங்க வர வேணாம்” என்றாள் மலர்க்கொடி. “நான் போறேன்.”

அடுத்த ஞாயிறு பாச்சாங்குக்குப் போனோம், அவளும் நானும். பழைய ஆட்களின் கதவு நம்பர் எல்லாம் என் தலையில் இருக்கிறது என்பதால் என்னைக் கூட்டிக்கொண்டாள். மின்தூக்கி கெட்டுப்போயிருந்தது. நாலாவது மாடிக்குக் குங்குமத் தட்டோடு ஏறினாள். மூச்சு வாங்கியது, நிற்கவில்லை. தையல் மெஷின் கொடுத்த மீனம்மா கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா மலரு, வா. ஷாந்தினிக்கு அமைஞ்சுருச்சா?”

“இல்லக்கா. மியூசியத்துக்கு அழைக்க வந்தேன். ஒங்க மெஷின் அங்கதான இருக்கு. ஒரு நாளு குடும்பத்தோட வந்து பாத்துட்டுப் போவணும்.”

மீனம்மா குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள். மரியாதைக்குக் குறைவில்லை. கார்டை வாங்கித் தூரப் பிடித்துப் படித்தாள். “என்னிக்கு?”

“எப்ப வேணும்னாலும் வாங்கக்கா. தெனமும் தொறந்துதான் இருக்கு.”

“ஓ. வரோம் வரோம்.” பிறகு என் பக்கம் பார்த்து, அவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “தர்மேந்திரன் தம்பி வரலயா ஒங்கூட? செலண்டார்ல மூத்தார் வீட்டுல சொல்லியாச்சா?”

மலர்க்கொடி தட்டில் கல்கண்டைச் சரிசெய்தாள். “அங்க சொல்லாம இங்க வந்துட்ட போல” என்றாள் மீனம்மா, குத்தலாக இல்லை, வருத்தமாக. “நாங்க முன்னால வந்து நின்னா வீராசாமி அண்ணன் என்னா நெனப்பாரு?”

இன்னும் மூன்று வீடுகள் ஏறினோம். மூன்று வீட்டிலும் அதே கேள்வி. கீழே இறங்கும்போது மலர்க்கொடி சொன்னாள். “பாத்தீங்களாண்ணே. கார்டுல தப்பில்ல. நம்ம வீட்டுலதான் ஓட்ட.”

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் செலண்டார் பஸ்ஸுக்கு நின்றாள். நல்ல சேலை, கையில் தட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, தூறல் பட்டால் குங்குமம் கரைந்துவிடுமே. நானும் கோப்பிக் கடையிலிருந்து எழுந்து போய்க் கூட நின்றேன். அந்தப் பஸ் நேரத்துக்கு வந்த சரித்திரம் கிடையாது. அன்று அது வராமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. காலி லாரி ஒன்று வந்து எங்கள் முன்னால் நின்றது. தர்மேந்திரன் முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டே கதவைத் தள்ளித் திறந்தான்.

“ஏறு. மூத்தார் வீட்டுக்குப் பொம்பள தனியாப் போனா என்னயத்தான் பேசுவாங்க.”

அவள் தட்டோடு ஏறினாள். நானும் ஏறினேன், என்னை யாரும் அழைக்கவில்லை. வழியெல்லாம் செம்பனை. மழையில் மண் சாலைகள் சிவந்து கிடந்தன.

வீராசாமி வீட்டு முன்திண்ணையான அஞ்சடியில் உட்கார்ந்து புல்வெட்டும் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் பள்ளிக்கூடங்களுக்கும் கோயில்களுக்கும் புல் வெட்டிக் கொடுப்பது அவருக்கு இப்போது தொழில். லாரி நின்றதைப் பார்த்தார், மறுபடி மெஷினில் குனிந்துகொண்டார். அவர் மனைவி குஞ்சம்மாதான் எழுந்து வந்தாள்.

“வா தம்பி. வா மலரு. தபாலும் வந்துருக்கு. உக்காருங்க, தண்ணி கலக்கறேன்.”

“ஒக்காரலக்கா. சொல்லிட்டு ஒக்காரறோம்.” மலர்க்கொடி உறையைப் பிரித்தாள். தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். “மாமா, ஒங்க வீட்டுலதான் மொதல்ல வந்து சொல்றோம்னு சொல்ல ஆச. ஆனா பாச்சாங்ல நாலு வீட்டுல சொல்லிட்டேன். அது என் தப்பு. மன்னிச்சுக்குங்க.”

வீராசாமி கையைக் கந்தலில் துடைத்தார். “என்னா விசேஷம்? புள்ளைக்கா?”

“மியூசியம் மாமா.”

“அதுக்கு எதுக்கு குங்குமம்?”

“ஆளு வரணும். வரலன்னா டிசம்பரோட மூடிருவாங்க. அறுபத்திமூணு வீட்டுப் பொருள என் கையெழுத்த நம்பிக் குடுத்துருக்காங்க. உர மூட்டைக்கு எடம் வேணும்னு அத எல்லாம் எங்கயோ கொண்டுபோயி போட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க வீட்டுப் பக்கம் போறது?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டை எடுத்தார். நிதானமாகப் படித்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதையும் ஏதோ எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“முன்ன ஒரு பத்திரிக்க வந்துச்சு இந்த வீட்டுக்கு. அதையும் இப்படித்தான் முன்னாடி பின்னாடி திருப்பித் திருப்பிப் பாத்தேன்.”

குஞ்சம்மா “விடுங்க” என்றாள். அவர் விடவில்லை. “ஊருல உள்ளவன் பேரெல்லாம் இருந்துச்சு.”

தர்மேந்திரன் லாரி அருகிலேயே நின்றிருந்தான். நான் அவனைப் பார்த்தேன், மலர்க்கொடி பார்க்கவில்லை. அவன் அஞ்சடிப் படி வரை வந்தான்.

“மறந்து விட்டுட்டேன்னு நெனச்சிருப்ப. மறக்கலண்ணே. மாமன் பேரு, மச்சான் பேரு எல்லாம் எழுதிக் குடுத்தேன். எம்பேரு போட்டுருக்கு, அதுல நீயும் இருக்கன்னு நெனச்சேன். நீ வேற நான் வேறன்னு தனியா எழுதணும்னு எனக்குத் தோணல. நீ சடங்குக்கு வராதப்பத்தான் புரிஞ்சுச்சு.”

“இத சொல்ல எட்டு வருஷமா?”

“வெக்கம்ணே. நாளாவ நாளாவ இன்னும் வெக்கம்.”

வீராசாமி மெஷினின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது உறுமியது, அஞ்சடியெல்லாம் புகை. யாரும் எதுவும் பேச முடியாத சத்தம். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தோள் துண்டால் துடைத்ததை நான் பார்த்தேன், எண்ணெய்க் கறை என்று அவர் சொன்னால் நம்பத் தயாராகவும் இருந்தேன். பிறகு மெஷினை நிறுத்தினார்.

“முந்நூறு பேருக்கு இன்னும் எத்தன பேரு?”

“எரநூத்தி அம்பத்திமூணு” என்றாள் மலர்க்கொடி.

“இந்தக் கார்ட வெச்சு வரமாட்டாங்க. கெவர்மண்டு கடுதாசி மாதிரி இருக்கு. மலர்க்கொடி யாருன்னு செலண்டார்ல எவனுக்குத் தெரியும்? யாரு அழைக்கிறான்னு பேரு இருக்கணும். வீராசாமி அழைக்கிறான்னா இங்க இருவது வீடு வரும். மீனம்மா அழச்சா அது சொந்தம் பாச்சாங்ல பத்து வீடு வரும்.”

மலர்க்கொடி அவர் கையிலிருந்த கார்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஒரு காரியத்தைப் பிடித்துவிட்டால் அவள் தாடை கொஞ்சம் முன்னால் வரும். வந்தது.

“பின்னாடி காலியாத்தான் மாமா இருக்கு. அங்க பேரு போட்டுறலாம். பொருளு குடுத்த வீடு ஒவ்வொண்ணுக்கும் தனிக் கட்டு. அவங்கவங்க பேரு அழைக்கிறவங்க பேரா. அவங்க பொருளு, அவங்க வீட்டு விசேஷம். அவங்களே சொந்தத்துக்குக் குடுக்கட்டும்.”

“நான் பொருளு ஒண்ணும் குடுக்கலயே.”

“ஒங்க போட்டோ இருக்கு மாமா. எழுவத்தெட்டுல எடுத்த பந்து டீம் போட்டோ. கோல்கீப்பர் சட்டயில நடுவுல நிக்கிறீங்க.”

“அத யாரு குடுத்தா?”

“ஒங்க தம்பிதான். அலமாரியில துணிக்கு நடுவுல வெச்சிருந்தாரு.”

வீராசாமி தம்பியைப் பார்த்தார். “நின்னுக்கிட்டே இருக்க. ஒக்காரு” என்றார். குஞ்சம்மா கோப்பி கொண்டு வந்தாள். சீனி அதிகம், குடித்தோம்.

அன்று மத்தியானமே மஜீது பாயின் அச்சகத்துக்குப் போனோம். பாய் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

“அறுபத்திநாலு பேரு. தங்கச்சி, இது விசிட்டிங் கார்டா, வாக்காளர் பட்டியலா?”

“ரெண்டும்தான் பாய்.”

“அந்தச் சடங்குப் பத்திரிக்கயும் நான் அடிச்சதுதான். குடுத்தத அடிச்சேன், கேக்கல. இந்தத் தடவ புரூஃப நாலு பேரு பாக்கணும், ஆமா.” ஷாந்தினியின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். “தேதி எங்க?”

“தெனமும் தொறந்து இருக்கு பாய்” என்றாள் மலர்க்கொடி.

“தெனமும்னா ஒரு நாளும் இல்லன்னு அர்த்தம்மா. நம்ம ஜனத்துக்கு நாளு குறிக்கணும். எத்தன மணிக்கு, சாப்பாடு உண்டா, தெரியணும்.” கொஞ்சம் நின்று சொன்னார். “எங்க வாப்பா அந்தத் தோட்டத்துல சைக்கிள்ல துணி வித்தாரு. லயத்துக் கணக்குல எல்லாரு பேரும் அவருக்குத் தெரியும். மஜீது, ரபியா குடும்பத்தார்னு ஒரு பின்பக்கம் சேர்த்துக்க ஷாந்தினி.”

அறுபத்தைந்து ஆயிற்று. நவம்பர் இருபத்து நாலு, ஞாயிறு, காலை பத்து மணி, விருந்து உண்டு என்று முன்பக்கம் சேர்ந்தது.

அடுத்த மூன்று வாரம் நான் மறுபடி தபால்காரனானேன். கட்டுக் கட்டாகக் கார்டுகளை மோட்டார் சைக்கிளில் வைத்து வீடு வீடாகச் சேர்த்தேன். மலர்க்கொடியும் தர்மேந்திரனும் வேலை முடிந்த சாயங்காலங்களில் ஜோடியாகப் போனார்கள். எந்த வீட்டிலும் அவள் முதலில் கார்டைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் காட்டினாள். மீனம்மா தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு, “என் கல்யாணப் பத்திரிக்கயிலகூட எம்பேரு இவ்ளோ பெருசா இல்ல” என்றாளாம். இன்னும் ஐம்பது கேட்டு ஆளனுப்பினாள். கோப்பிக் கடைக்காரர்கூடத் தன் மாமியார் பெயரில் ஒரு கட்டு வாங்கிக்கொண்டார். மேசைக்கு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு விடியும்போதே மழை. பத்து மணிக்கு ஒருவரும் இல்லை. குஞ்சம்மா முதல் நாளே வந்து கட்டடத்தின் பின்னால் அடுப்பு மூட்டி இருநூறு பேருக்குச் சாம்பார் வைத்திருந்தாள். மலர்க்கொடி வருகைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பேனாவை மூடவில்லை. பத்தரைக்கு நான்கூட மனசுக்குள் தோற்றுவிட்டேன். அவளிடம் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

“மழ விடட்டும்ணே. நம்ம ஆளுங்க எந்த விசேஷத்துக்கு நேரத்துக்கு வந்தாங்க?” என்றாள்.

பதினொன்றுக்கு முதல் வேன் திரும்பியது, செலண்டார் வேன். அதற்குப் பின்னால் கார்கள், மோட்டார்கள். பட்டுச் சேலையும் ஜிப்பாவுமாக இறங்கினார்கள். தலையில் பூ, கையில் மொய்க் கவர். உள்ளே வந்து “பொண்ணு எங்க?” என்று கேட்ட ஒரு பெரியம்மாவை ஷாந்தினி கையைப் பிடித்துத் தராசு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். “இதுலதான் என்னய நிறுத்தாங்க” என்று அந்த அம்மா தராசுத் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றுவிட்டார், அவர் பின்னால் வரிசை நின்றது. அவர்கள் நீட்டிய கவர்களையெல்லாம் மலர்க்கொடி திருப்பித் தள்ளினாள். “மொய் வேணாங்க. பேரு எழுதுங்க. பேரு, இருந்த லயம், இப்ப இருக்கிற ஊரு.” அவர்கள் மொய் எழுதும் பழக்கத்தில் அப்பன் பெயரையும் சேர்த்து விரிவாக எழுதினார்கள்.

வாசலில் வீராசாமி நின்றார். வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், ஒரு கையில் பன்னீர்ச் செம்பு. வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மஜீது பாய் ரபியாவோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்து பன்னீர் வாங்கிக்கொண்டு போனார். மேனேஜர் வந்தபோது வீராசாமி அவர் மேலும் பன்னீர் தெளித்துவிட்டார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தார், மேசைக்குப் போனார், பக்கத்தைப் புரட்டிப் புரட்டி நம்பரைப் பார்த்தார். பிறகு தன் பெயரையும் எழுதிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டு. சாம்பார் தீர்ந்து ரசத்துக்கு வந்திருந்தார்கள். மலர்க்கொடி புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை.

“மாமா, எல்லாரும் போட்டாங்க. ஒங்க கையெழுத்துதான் இல்ல.”

வீராசாமி புத்தகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

“நான் எதுக்கும்மா போடணும்? வீட்டுக்காரன் எவனாச்சும் மொய் எழுதுவானா? வந்தவங்க எழுதட்டும். நான் வந்தவன் இல்ல, அழச்சவன்.”

சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துத் திருப்பி அவளுக்குக் காட்டினார். ‘அழைப்பவர்: வீராசாமி, தர்மேந்திரன் குடும்பத்தார்.’ ஒரே வரியில் இரண்டு பெயர். புரூஃப் பார்த்த நாலு பேரில் அவரும் ஒருவர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாலையில் இன்னொரு வேன் விளக்குப் போட்டுக்கொண்டு திரும்பியது. வீராசாமி கிண்ணத்துக்குள் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

“தர்மேந்திரா, சந்தனம் தீந்துபோச்சு. கரைச்சுக்கிட்டு வந்து பக்கத்துல நில்லு. ஆளு வருது.”